பென்சிலில் எழுத வேண்டிய விலைகள்

சென்ற மாதம் பாலக்காட்டில் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தார், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார்கள். பேசச் சொன்னால் நான் மறுப்பதில்லை. அது என் பழைய நோய். ஆனால் அன்று பத்து நிமிடம்கூடப் பேசவில்லை. முன்வரிசையில் இருந்த கௌசல்யா என்னும் பெண், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர், எழுந்து வந்து தம் கைப்பேசியை என் முன் நீட்டினார்.

“ஏனுங்க சார், நீங்க அந்தக் காலத்துல வாரக்கணக்கா ஒக்காந்து போட்டத இது ரெண்டு செகண்டுல வடிகட்டிக் குடுத்துருதுங்க. பாருங்க, ஆயிரக்கணக்குல போட்டு பதினொண்ணு மிஞ்சியிருக்குதுங்க. ஆட்டமே இல்லாத பங்கு. சராசரிக்குக் கீழ ஒரு நாள்கூட எறங்கலீங்க.”

பார்த்தேன். பதினொரு கோடுகள். அவற்றுள் நான்கு, அளவுகோல் வைத்து இழுத்தவைபோல் நேராகக் கிடந்தன.

“இதையெல்லாம் வாங்கியது யார்?” என்று கேட்டேன்.

“வாங்குனவங்களா? அது நமக்கெதுக்குங்க சார்?”

என் முகத்தில் எரிச்சல் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெண் தம்மேல்தான் என்று நினைத்திருப்பார். உண்மையில் அது ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக என்னிடம் இருந்துவரும் எரிச்சல். அதற்கு உரியவன் எழுபதுகளின் நடுவில் பாலக்காட்டுக் கடைவீதி மாடியறை ஒன்றில் வேலை பார்த்த இளைஞன் ஒருவன். அவனைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று சொல்லி விடைபெற்றேன். எழுதுகிறேன்.

அந்த இளைஞன் நான்தான். கொல்லங்கோட்டில் நெல் விளைவிக்கும் குடும்பம். கல்லூரியில் மூன்றாண்டும் சொற்போர்க் கோப்பை வேறொருவர் வீட்டு அலமாரியைக் கண்டதில்லை. ‘சேமிப்பே சிறப்பு’ என்று காலையிலும் ‘செலவே சிறப்பு’ என்று மாலையிலும் முழங்கிப் பரிசு வாங்கியவன். எந்தக் கட்சி என்பதைச் சீட்டுக் குலுக்கல் தீர்மானிக்கும். எந்தக் கட்சி வெல்லும் என்பதை என் தொண்டை தீர்மானிக்கும். இத்தகைய ஒருவனைப் பங்குச் சந்தைக்கு அருகே விட்டிருக்கவே கூடாது. விட்டவர் வைத்தி சார்.

கல்பாத்திக்காரரான வைத்தியநாதன், சென்னைத் தரகர் ஒருவருக்கு உள்ளூர் முகவர். துணிக்கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு மேசை, சுவரெங்கும் கட்டம் போட்ட தாள்கள். அவர் கோபித்து நான் கண்டதில்லை, கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஒரு பங்கைப் பற்றிக் கால்மணி நேரம் வாதிட்டு முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். பிறகு “ஆட்டே” என்பார். ‘இருக்கட்டும்’ என்பதற்கு மலையாளத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்ட சொல் அது. அதன்பின் எப்போதும் ஒரே கேள்விதான்.

“பேஷாப் பேசறே. ஆட்டே, வாங்கினது யாரு?”

ஒருமுறை பொறுமையிழந்து, யார் வாங்கினால் நமக்கென்ன, விலைதானே முக்கியம் என்று கேட்டுவிட்டேன்.

“விலைன்னு ஒண்ணு தனியாக் கெடையாது, கேட்டியா. ஒருத்தன் விக்கறான், ஒருத்தன் வாங்கறான். ரெண்டு பேரும் முட்டிண்ட எடத்துல விழற தழும்புக்குப் பேருதான் விலை. முட்டிக்கவே இல்லேன்னா தழும்பு ஏது?”

இதற்கு நான்கு மறுப்புகள் என்னிடம் தயாராக இருந்தன. நான்கையும் சொன்னேன். நான்கு முறையும் அதே கேள்வி வந்தது. தெய்வமே, அந்த மனிதருடன் வாதிடுவது மழையோடு வாதிடுவது போல!

வேலை இன்னதென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அன்று திரையும் இல்லை, பொத்தானும் இல்லை. செய்தித்தாளில் வரும் பங்கு விலைப் பக்கமே எங்களுக்குச் சந்தை. சனிக்கிழமைதோறும், வெள்ளியன்று முடிந்த விலையை ஒவ்வொரு கம்பெனிக்கும் உரிய தாளில் ஒரு புள்ளியாக வைத்து, முந்தைய வாரப் புள்ளியோடு கோட்டால் இணைப்போம். பிறகு பதின்மூன்று வாரச் சராசரி: பழைய கூட்டுத்தொகையில் புதிய விலையைக் கூட்டி, பதின்மூன்று வாரத்துக்கு முந்தைய விலையைக் கழித்து, பதின்மூன்றால் வகுத்து, அதைச் சிவப்புக் கோடாக ஓடவிடுவோம். வாரத்துக்கு நூறு கம்பெனி. வகுத்ததை வைத்தி சார் பெருக்கிப் பார்ப்பார். பெருக்கியதை என்னை வகுத்துப் பார்க்கச் சொல்வார்.

இவற்றிலிருந்து நல்ல பங்கைப் பொறுக்க இரண்டு வடிகட்டல்கள். விலை, சராசரிக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது. வாரத்துக்கு வாரம் அதிகம் துள்ளியிருக்கக் கூடாது. இவ்விரண்டையும் தாண்டியவை பட்டியலில் ஏறும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒரு விதி உண்டு. ஒரு பங்கு அன்று கைமாறவே இல்லையென்றால், செய்தித்தாள் கடைசியாக நடந்த விலையையே மறுபடி அச்சிட்டு, பக்கத்தில் சிறு நட்சத்திரம் ஒன்று போடும். நட்சத்திரமில்லாத விலையை மையில் எழுத வேண்டும். நட்சத்திர விலையைப் பென்சிலில் எழுத வேண்டும். பென்சில் விலையைப் புள்ளியாக வைக்கவோ சராசரியில் சேர்க்கவோ கூடாது. மையில் எழுதிய பதின்மூன்று விலை சேராத பங்குக்குப் பட்டியலில் இடமே இல்லை.

இந்த விதியை நான் வெறுத்தேன். இதனால் கோடுகள் பல் விழுந்த வாய்போல் இடைவெளி விட்டுக் கிடந்தன. கணக்கும் தடைபட்டது. நேற்றைய விலையை இன்றும் அச்சிட்டிருக்கிறார்கள் என்றால் அது இன்றும் அந்த விலைதான் என்பதல்லாமல் வேறென்ன? இப்படிக் கேட்டு ஒரு முழு மாலையை வீணாக்கினேன். “ஆட்டே” என்று சொல்லிப் பென்சிலைச் சீவி என் கையில் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு அவருக்குக் கண் அறுவை நடந்தது. ஆறு வாரம் கோயம்புத்தூரிலும் வீட்டிலுமாக இருந்தார். அந்த ஆறு வாரம் நான் அரசன். அதே சமயம் சூரியநெல்லித் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஊழியர் மன்றத்திலிருந்து, சேமிப்பும் பங்குகளும் பற்றிப் பேச அழைப்பு வந்தது. மேடை! எடுத்துக்காட்ட எனக்கு அழகான கோடுகள் தேவைப்பட்டன. மூன்று இரவு விழித்து, பென்சில் விலைகளையெல்லாம் மையில் எழுதி, இடைவெளிகளை நிரப்பி, சராசரிகளைப் புதிதாகப் போட்டேன். அப்படிப் போட்டதில் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு முதலிடத்துக்கு வந்தது வெண்குன்றுத் தேயிலைக் கம்பெனி. விலைக்கோடும் சராசரிக்கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகிவிட்டிருந்தன. துள்ளல் இல்லை, சரிவு இல்லை. நான் கண்டதிலேயே நிகரற்ற கோடு.

பொள்ளாச்சி, உடுமலை வழியாக மூணாறு ஏறி, அங்கிருந்து ஜீப்பில் சூரியநெல்லி போய்ச் சேர்ந்தேன். மன்றத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். தாளை ஆணியில் தொங்கவிட்டுப் பேசினேன். “அலையைக் கண்டு அஞ்சுகிறீர்களா? அலையே இல்லாத கடலை உங்களுக்குக் காட்டுகிறேன்!” என்ற இடத்தில் கைதட்டல் எழுந்தது.

பேச்சு முடிந்ததும் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கும் டீ மேக்கர் சுடலைமுத்து. ஐம்பது கடந்தவர், அவர் மேல்துண்டில் காய்ந்த இலை மணம் வீசியது.

“தம்பி, ஒண்ணு கேக்கேன். எங்க பேக்டரிலயும் சல்லடைதான். இலையப் போட்டுச் சலிச்சா நல்லது மேல தங்கும். ஆனா காம்பும் மேலதாம்லா தங்கும்? அதுக்காவத்தான் சலிச்ச பொறவு பொம்பளையாள ஒக்கார வச்சிக் கையால பொறுக்கச் சொல்லுதோம். ஒங்க சல்லடையில காம்பு பொறுக்குதது ஆரு?”

அரங்கம் சிரித்தது. எதிரணியின் கேள்வி இவ்வளவு நேராக வந்தால் அதை எப்படித் திருப்ப வேண்டும் என்பதைத்தான் மூன்றாண்டு பயின்றிருந்தேனே! மார்பில் கைவைத்து, “ஐயா, பொறுக்குகிறவன் உங்கள் முன் நிற்கிறேன்!” என்றேன். நெடுநேரம் கைதட்டினார்கள். சுடலைமுத்தும் தட்டினார்.

மறுநாள் காலை, புறப்படும் முன் அவர் என்னைத் தேடி வந்தார். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது. ஓய்வு பெற்ற மாதமே குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். கொல்லங்கோட்டில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு வாங்கிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

“முப்பத்தஞ்சு வருசமாக் கம்பெனி வீடு தம்பி. கதவெல்லாம் கம்பெனிப் பச்சை. எனக்குன்னு ஒரு கதவு வேணும். அதுக்கு நானே நீலம் அடிக்கணும். அவ்வளவுதான் ஆசை.”

அதுவரை சேர்த்ததை வெண்குன்றில் போடச் சொல்லிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

நான் திரும்பியபோது வைத்தி சார் கண்ணில் பச்சை மறைப்போடு அலுவலகம் வந்திருந்தார். எழுத்துத் தெரியவில்லை, என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். வெண்குன்றுத் தாளை முகத்தோடு ஒட்டிப் பிடித்து ஒரு கண்ணால் தடவிப் பார்த்தார்.

“ஒரு பென்சில்கூடக் காணலையே. இத்தனை வாரமும் கைமாறிண்டேவா இருந்தது?”

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். “கோடே சாட்சி, சார்” என்றேன். பொய் சொல்லாமல் பொய்யின் வேலையைச் செய்விக்கும் வித்தை மேடையில் கற்றது. அவர் வாங்கும் ஆணையில் கையெழுத்திட்டார். சென்னைக்குத் தந்தி போன மறுநாளே, கேட்ட அத்தனை பங்கும் கிடைத்தது.

“விக்கறவனுக்கு என்ன இத்தனை அவசரம்?” என்றார்.

அவன் நல்லதை அறியாதவன் என்றேன்.

ஒன்றரை ஆண்டு கழிந்தது. சுடலைமுத்து ஓய்வு பெற்றார். கொல்லங்கோட்டில் அவருக்கு வீட்டைப் பேசி முடித்துக் கொடுத்தவனும் நான்தான். எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரரான வேலுச்சாமி அண்ணனின் ஓட்டு வீடு. மாதக் கடைசிக்குள் பத்திரப் பதிவு என்று பேச்சு. பிஸ்கட் டின்னில் பங்குப் பத்திரங்களை வைத்துக்கொண்டு சுடலைமுத்து மாடியேறி வந்தார். விற்கச் சொல்லித் தந்தி கொடுத்தோம். நான்காம் நாள் பதில் வந்தது: வாங்குவோர் இல்லை. விலையைக் குறைத்துக் கேட்டோம். வாங்குவோர் இல்லை.

“பேப்பர்ல வெல போட்டிருக்காம்லா தம்பி? நாப்பத்தொண்ணுன்னு இன்னைக்கும் போட்டிருக்கான். அந்த வெலைக்கு வாங்க ஆளில்லன்னா அது என்னத்துக்கு வெல?”

வைத்தி சார் எழுந்துபோய் வெண்குன்றுத் தாளை எடுத்து வந்தார். இப்போது அவருக்கு இரு கண்ணிலும் பார்வை தெளிந்திருந்தது. ஒன்றாய்ப் படிந்த கோட்டை நகத்தால் மெல்லத் தடவினார். பிறகு பரணில் கட்டுக்கட்டாக இருந்த பழைய செய்தித்தாள்களை இறக்கச் சொன்னார். இறக்கினேன். அந்த மனிதர் ஒரு தாளைக்கூட எடைக்குப் போட்டதில்லை.

“நம்ம பட்டியல்ல ஏறின வாரத்துலேர்ந்து பின்னாடி போ. பேரு, விலை, நட்சத்திரம் உண்டா இல்லையா. மூணும் சொல்லணும். உரக்கச் சொல்லு, அவரும் கேக்கட்டும்.”

“சார், எனக்குத் தெரியும், நான்…”

“படி.”

படித்தேன். “வெண்குன்று, நாற்பத்தொன்று, நட்சத்திரம்.” அடுத்த வாரத் தாள். “வெண்குன்று, நாற்பத்தொன்று, நட்சத்திரம்.” ஐந்தாவது தாளில் என் குரல் இறங்கியது. “உரக்க” என்றார். ஒன்பதாவதில், “போதுமே சார், புரிந்துவிட்டது” என்றேன். “நோக்குப் புரிஞ்சுது. அவருக்கு?” என்றார். பதின்மூன்று தாள் முடிந்தபின்னும் விடவில்லை. நட்சத்திரமில்லாத விலை வரும்வரை பின்னால் போகச் சொன்னார். என்ன பிடிவாதம் அது! தவறு மெய்ப்பிக்கப்பட்டாயிற்று, குற்றவாளி ஒப்புக்கொண்டாயிற்று, இன்னும் எதற்கு? இருபத்திரண்டாவது தாளில் அது வந்தது. யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் எப்போதோ சில பங்குகளைக் கொடுத்திருந்தார். அதன்பின், நாங்கள் வாங்கும்வரை, அந்தக் கம்பெனியின் பங்கை எவரும் தொடவில்லை. நான் கண்ட அலையில்லாக் கடலில் தண்ணீரே இல்லை.

வைத்தி சார் கண்ணாடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார்.

“கண்ணுல ஆபரேஷன் நேக்குன்னா பண்ணினா?”

எத்தனையாவது தாளில் என்று நினைவில்லை, சுடலைமுத்து மடியில் இருந்த டின்னை மூடியிருந்தார்.

“காம்பு பொறுக்குனது நீங்கதான தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலையே கொல்லங்கோடு போய் வேலுச்சாமி அண்ணனிடம் இரண்டு மாத அவகாசம் வேண்டி நின்றேன். வாழ்நாளில் அதைவிடச் சிறப்பாக நான் பேசியதில்லை. முதுமையின் தனிமை, சொல்லின் கண்ணியம், அண்டை வீட்டாரின் கடமை, ஒன்றும் விடவில்லை. அவர் மண்வெட்டியில் சாய்ந்து முழுவதையும் கேட்டார்.

“பேச்சு நல்லாத்தானுங்க இருக்குது தம்பி. ஆனா எம்புள்ளைக்குத் தையில கண்ணாலம் வெச்சிருக்கறனுங்க. பேச்சக் குடுத்தா தட்டான் தாலி செஞ்சு தருவானுங்களா?”

அந்த மாதக் கடைசியில் அவர் வீட்டைச் சித்தூர்க்காரர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

வைத்தி சார் ஊர் ஊராகக் கடிதம் எழுதி, கடைசியில் வெண்குன்றுக் கம்பெனியின் பங்குதாரர் ஒருவரையே பிடித்தார். அவர் பாதிக்கும் குறைந்த விலை சொன்னார். குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்தாகிவிட்டது, காத்திருக்க வழியில்லை, சுடலைமுத்து சம்மதித்தார். அதில் வீடு வாங்க முடியாது. மூணாறு அருகே பள்ளிவாசல் என்ற ஊரில் தோட்ட வேலை பார்த்த மகனின் லயத்து வரிசைவீட்டுக்கு, ஒற்றை அறையில் ஐவரோடு ஆறாவது ஆளாகப் போக முடிவுசெய்தார். அதுவும் கம்பெனி வீடுதான்.

அவரை வழியனுப்பப் பேருந்து நிலையம் போனேன். மன்னிப்புக் கேட்டாக வேண்டும். முதல்நாள் முழுவதும் அதை மனத்தில் செதுக்கி வைத்திருந்தேன். “ஐயா, என் நாவு செய்த பிழைக்கு என் தலை தாழ்கிறது, என் ஆணவம் இழுத்த கோட்டில் உங்கள் வாழ்வு…”

அவர் கையை உயர்த்தினார்.

“மன்னிப்புக் கேக்கதுக்கும் மேடை வேணுமோ தம்பி? வழி விடுங்க, பஸ் வந்துட்டு.”

ஏறிப் போனார். டின்னை அவரே தூக்கிக்கொண்டார், என்னிடம் தரவில்லை.

வைத்தி சார் என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. அதைவிடக் கொடியதைச் செய்தார். வெண்குன்றுத் தாளை என் மேசைக்கு நேர் எதிர்ச்சுவரில் ஆணியடித்து மாட்டி, நான்கு ஆண்டு கழற்ற விடவில்லை. நிமிர்ந்தால் அந்தக் கோடு. அவர் தம் பங்குக்குச் சுடலைமுத்துவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார் என்று பின்னாளில் தெரிந்தது. ‘கையெழுத்திட்டவன் நான், கேட்ட கேள்விக்குப் பதில் வராமலே கையெழுத்திட்டேன்’ என்று நகலில் இருந்தது. அதை எனக்குக் காட்டாமல் வைத்திருந்தாரே என்பதில் இன்றும் எனக்குக் கோபம்தான்.

பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் இதே தொழிலில் இருந்தேன். எத்தனையோ புதிய குறியீடுகள் வந்தன, கணினி வந்தது, கட்டத்தாள் போயிற்று. வடிகட்டல்கள் கூடின, சல்லடைக் கண்கள் சிறுத்தன. ஒவ்வொன்றையும் கற்றேன், நல்லவை என்றே சொல்வேன். விலைக் கோட்டைப் பாராமல் பங்கு வாங்குகிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறான். ஆனால் கோட்டுக்கு அடியில் கைமாற்றம் இருக்கிறதா என்று பாராதவன் கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் விழுகிறான். இதை எத்தனை பேரிடம் சொன்னேன்! கேட்டுத் தலையாட்டுவார்கள், மறுநாள் நேர்கோடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

இதுவரை உள்ளதை எழுதி, அச்சுக்குக் கொடுக்கும் முன் கௌசல்யாவை வீட்டுக்கு வரச் சொல்லிப் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்ததும் அந்தப் பெண் கைப்பேசியை எடுத்து, அந்தப் பதினொரு பெயர்களையும் மறுபடி திறந்தார். விலைக்குக் கீழே, அன்றன்று கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை இருந்தது. எல்லாக் காலத்திலும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

“உரக்க வாசியுங்கள்” என்றேன்.

வாசித்தார். நேர்கோடுகள் நான்கில் முதலாவதற்கு வந்ததும், “பூஜ்யமுங்க” என்றார். முந்தைய நாள்? “பூஜ்யமுங்க.” அதற்கு முந்தைய நாள்? எட்டாவது நாளில் குரல் இறங்கியது. “புரிஞ்சுருச்சுங்க சார். போதுங்களா?”

“போதாது” என்றேன்.

அவர் கைப்பேசியைத் தாழ்த்தினார்.

“சார், அந்தப் பெரியவருக்குப் பொறவாவது ஊடு கெடச்சுதுங்களா?”

இதற்கு ஒரு நல்ல விடை அமைக்க எனக்கு ஐம்பது ஆண்டுகள் இருந்தன.

“இல்லை” என்றேன். “அடுத்த நாளை வாசியுங்கள்.”